வாசிக்கத் தெரியாத உறுதியும் வாழ்நாள் சேமிப்பும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம்மவர் வழக்கு. கட்டுவதிலும் வாங்குவது இலகு என எண்ணிப் பலர் இன்று தொடர்மாடி மனைகளையும் கட்டி முடித்த வீடுகளையும் நாடுகின்றனர். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வாடகை வீடுகளில் காலங்கழித்த குடும்பங்கள், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் வங்கிக் கடனையும் ஒன்றுசேர்த்தே முதன்முறையாக ஒரு வீட்டை வாங்குகின்றன. அவர்களது வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஓர் உறுதியில் தங்கிவிடுகின்றது. அந்த உறுதியோ பல வேளைகளில் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் எழுதப்பட்டிருப்பதால், வாங்கியவரால் வாசிக்க முடியாததாக இருக்கின்றது.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையானது நொத்தாரிசு ஒருவரினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில் எழுத்தில் நிறைவேற்றப்படல் வேண்டும். தரகரின் வாய்மொழி உத்தரவாதத்துக்கு அங்கு இடமில்லை. காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்த்த பின்னரே உறுதி எழுதுவது நொத்தாரிசுக்குரிய விதி. எனினும், தரப்பினர் வேண்டாமென்றால் தேடாமலே எழுதி, அதனை உறுதியில் குறித்துவிட அவருக்கு இடமுண்டு. மொழி தெரியாதவர் தமது உறுதியில் அத்தகைய குறிப்பொன்று இருப்பதையே அறியமாட்டார்.

ஆகவே முற்பணம் கொடுக்கும் முன்னர், வாங்குபவர் தமக்கென ஒரு சட்டத்தரணியை அமர்த்த வேண்டும். விற்பவரின் சட்டத்தரணி விற்பவரின் நலனையே பார்ப்பார். குறைந்தது 30 ஆண்டு கால உரிமைத் தொடர்ச்சியைப் பதிவகத்தில் தேடுவது வழமை. பதிவு செய்யப்பட்ட ஈடும் குத்தகையும் அதில் வெளிப்படும். பெற்றோர் விட்டுச்சென்ற காணியை ஒரு பிள்ளை மட்டும் விற்க முன்வந்தால் நிதானிக்க வேண்டும். முஸ்லிம் வாரிசுரிமையின் கீழ் பங்குகள் பலருக்குப் பிரிந்திருக்கும். தேசவழமை ஆளும் காணிகளில் பங்காளருக்கு முற்கொள்வனவு உரிமையும் உண்டு. இவற்றைப் பாராது வீட்டை வாங்குபவர் வழக்கையும் சேர்த்தே வாங்குகின்றார்.

வடக்கு, கிழக்கில் காணி வாங்குவோருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்தோரினதும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களினதும் காணிகள் பல பிறர் வசமாயின. பத்து ஆண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கோருவோரிடமிருந்து இவர்களைக் காக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நீண்டகால ஆட்சியை மட்டும் ஆதாரமாகக் காட்டி விற்கப்படும் காணியை மலிவென்று வாங்குவது, இன்னொருவரின் இழப்பின் மீது குடியேறுவதாக முடியலாம்.

தொடர்மாடி மனையாயின், கட்டடத்துக்கான இணக்கச் சான்றிதழும், ஒவ்வொரு மனையையும் தனித்தனியே காட்டும் பதிவு செய்யப்பட்ட வரைபடமும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அவ்வரைபடமின்றி மனைக்குத் தனி உறுதி கிடையாது. சாவி மட்டுமே கைக்கு வரும். உறுதி எழுதப்பட்டதும் தாமதமின்றிப் பதிவு செய்வதும் அவசியம். பின்னர் எழுதப்பட்ட உறுதியொன்று முந்திப் பதிவானால் அது மேலோங்கக்கூடும்.

கடன் ஒப்பந்தத்தையும் இதே கண்கொண்டு நோக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பெற்றவர்களின் மாதத் தவணை எவ்வாறு ஏறியது என்பதை நாடே கண்டது. வட்டி எத்தனை ஆண்டுகளுக்கு நிலையானது என்பதைக் கேட்காமல் கையொப்பமிடலாகாது.

தமிழும் அரசகரும மொழியாகும் என 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் கூறியது. எந்த மாகாணத்தில் காணி வாங்கினாலும் பதிவக ஏட்டின் பிரதியையும் விற்பனை உடன்படிக்கையையும் தமிழில் பெற வழிசெய்வது அரசின் கடன். அது நிறைவேறும் வரை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு அவற்றைத் தமிழில் பெற்று வாசித்த பின்னரே பணத்தைக் கையளிக்குமாறு எமது வாசகர்களை வேண்டுகின்றோம். அதற்காகும் செலவு, ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது.