கணினிப் பக்கம்: தலைப்பில் தொலைந்த குறி

சென்ற திங்கள், கடலோர ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் நமக்குக் கிடைத்தது. வாப்பாவின் ஜவுளிக் கடைக் கணக்கை வீட்டிலிருந்தபடியே கணினியில் எழுதிவருபவர் அவர். கடன் கேட்டு வங்கிக்குக் கொடுப்பதற்காக ஓராண்டுக் கணக்கை எக்செல்லில் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு தாளின் தலையிலும் கடையின் பெயர் வருமாறு அச்சிட்டிருக்கிறார். கடையின் பெயர் 'இப்ராஹீம் & சன்ஸ்' என்று வைத்துக்கொள்வோம். தாளில் வந்ததோ வெறும் 'இப்ராஹீம் சன்ஸ்'. கணக்குக் கட்டங்களுக்குள் பழுதின்றி நிற்கும் அதே குறி, தலைப்பில் மட்டும் மறைந்துவிட்டது. கூட்டாண்மைப் பத்திரத்தில் உள்ள பெயர் வேறு, தாளில் உள்ள பெயர் வேறு என்று சொல்லி வங்கியில் தாள்களைத் திருப்பித் தந்துவிட்டனர். அச்சுப்பொறி பழுதா, தம் கை பழுதா என்று வினவுகிறார் சகோதரி.

இரண்டும் பழுதில்லை. 'ஹெடர்' எனப்படும் பக்கத் தலைப்பில் & என்பது எழுத்தன்று; கட்டளை. "அடுத்து வருவதை அச்சிடாதே, அது சொல்வதைச் செய்" என்பது அதன் பொருள். & குறியை ஒட்டி ஆங்கில 'டி' எழுத்து வந்தால் அன்றைய தேதி அச்சாகும்; 'பி' வந்தால் பக்க எண்; 'என்' வந்தால் மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கை. 'பி'யிலும் இரண்டு உண்டு. 'பேஜ்' என்ற சொல்லின் முதலெழுத்து பக்க எண்ணைத் தரும். 'போல்ட்' என்ற சொல்லின் முதலெழுத்து பின்வரும் எழுத்துகளைத் தடிப்பாக்கும். சகோதரி & குறிக்குப் பின் இடைவெளி விட்டிருந்தார். அது எந்தக் கட்டளையும் ஆகாததால் குறி மட்டும் விழுங்கப்பட்டது. அவ்வளவில் தப்பினார் என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதியிருந்தால் 'சன்ஸ்' என்பதன் முதலெழுத்தே கட்டளையாகியிருக்கும். எஞ்சிய எழுத்துகளின் குறுக்கே அடித்தல் கோடு விழுந்திருக்கும். கடன் கேட்கப் போகும் தாளில் பிள்ளைகளை அடித்துவிட்டால் வங்கி மேலாளர் என்ன நினைப்பார்!

எண் வந்தாலோ இன்னும் வேடிக்கை. & குறியை ஒட்டிய எண்ணை எழுத்தின் அளவாக எக்செல் கொள்ளும். 'கிடங்கு 1&2 இருப்பு' என்று தலைப்பிட்டால், இரண்டாம் கிடங்கு காணாமற்போவதோடு, 'இருப்பு' என்ற சொல் எறும்பின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

தீர்வு எளிது. ஒரு & வேண்டுமிடத்தில் இரண்டு இடுக. 'இப்ராஹீம் && சன்ஸ்' என்று தட்டினால் தாளில் 'இப்ராஹீம் & சன்ஸ்' என வரும். தலைப்பைத் தட்டும்போது இரண்டும் தெரியும், பதற வேண்டாம். தலைப்பை விட்டு வெளியே சொடுக்கினால் ஒன்றாகிவிடும். எப்படியும் 'பிரிண்ட் ப்ரிவ்யூ' பார்க்காமல் அச்சிடக் கூடாது. தாளின் விலையும் மையின் விலையும் நாம் அறியாததல்ல.

ஏன் இந்தக் குறியைப் பிடித்தார்கள் என்று கேட்கலாம். பக்க எண், தேதி போன்று மாறிக்கொண்டே இருப்பவற்றைக் குறிக்க ஏதேனும் ஓர் அடையாளம் தேவை. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாளில் # பக்க எண்ணையும் @ தேதியையும் குறித்தன. எக்செல் அந்த வேலையை &-க்குத் தந்தது. இலத்தீன் மொழியில் 'உம்' எனப் பொருள்படும் 'எத்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளும் பின்னிப் பிணைந்து பிறந்த வடிவம் அது. எக்செல்லின் சூத்திரங்களில் இன்றும் அது இரு சொற்களை இணைக்கும் பணியையே செய்கிறது. தலைப்பில்தான் அதிகாரியாகிவிட்டது.

ஏனைய சிறப்புக் குறிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. 2010இல் ஏற்கப்பட்ட ₹ குறியோ, அரபுச் சொல்லோ தலைப்பில் வேண்டுமானால், முதலில் ஒரு கட்டத்தில் 'இன்சர்ட் சிம்பல்' வழியாகவோ விசைப்பலகையாலோ இட்டு, நகலெடுத்துத் தலைப்பில் ஒட்டலாம். ஆனால் தேர்ந்த எழுத்துருவில் அந்த வடிவம் இருக்க வேண்டும். இல்லையேல் வெற்றுக் கட்டமே அச்சாகக்கூடும். யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களை இன்னும் ஆள்வோர் ஒன்றைக் கவனிக்க: கட்டங்களுக்குத் தந்த எழுத்துரு தலைப்புக்குத் தானாகச் செல்லாது. தலைப்பிலும் அதனைத் தனியே தேர்ந்தெடுக்காவிட்டால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். தலைப்பில் எழுத்தின் அளவை மாற்றியபின் முதலில் வருவது ஆண்டெண்ணாக இருந்தால், அதற்கு முன் ஓர் இடைவெளி விடுவது நலம். இல்லாவிடில் அளவும் ஆண்டும் ஒட்டிக்கொண்டு புது எண்ணாகிவிடக்கூடும்.

எமது கருத்தில், கடைப் பெயரைத் தலைப்பில் இடாமலே இருப்பது இதனினும் நல்லது. தாளின் முதல் வரிசையில், சாதாரணக் கட்டத்தில், விரும்பிய எழுத்துருவில் பெயரை எழுதுக; அங்கே ஒரே & போதும். பின்னர் 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்பதைத் திறந்து, 'ரோஸ் டு ரிபீட் அட் டாப்' என்ற இடத்தில் அந்த வரிசையைக் காட்டுக. எத்தனை பக்கம் அச்சிட்டாலும் அது ஒவ்வொன்றின் தலையிலும் வரும். பக்க எண்ணையும் தேதியையும் மட்டும் ஹெடரிடமோ, அடியில் வரும் ஃபூட்டரிடமோ விட்டுவிடலாம். கடைக்கென அழகாக வரைந்த பெயர்ச் சின்னம் இருப்பின், 2002 பதிப்பு முதல் அதைப் படமாகவே தலைப்பில் வைக்க எக்செல் இடம் தருகிறது.

காசின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கை ஆள்வோருக்கு இந்த இரட்டைக் குறி தேவையில்லை. அதன் தலைப்பில் தேதியும் பக்க எண்ணும் தனிப் பொத்தான்களால் இடப்படுவதால், & அங்கே வெறும் எழுத்துத்தான். இரண்டு இட்டால் இரண்டும் அச்சாகிவிடும்.