மரப்பாச்சியும் மனைக்கட்டும்

செம்மரத்துல செதுக்கி, கல்யாணச் சீரா வந்த பழைய மரப்பாச்சி ஜோடியை, "கொலுவுல வைக்காதீங்க, கீறல் விழுந்தா மதிப்பு போயிடும், பீரோவுல பூட்டுங்க, விலை ஏறும்"னு சொல்றவங்க நம்ம கும்மிடிப்பூண்டி பக்கமும் இருக்காங்க.

ஏறும்னு என்ன நிச்சயம்? 1990-களில் அமெரிக்காவில் 'பீனி பேபீஸ்' துணிப் பொம்மைகளை லேபிள்கூடக் கிழிக்காமல் முதலீடாகச் சேர்த்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போதே விலை சரிந்துவிட்டது. வெச்சு விளையாடின குழந்தைக்கு மட்டும்தான் நஷ்டமில்லை.

சிப்காட் வந்தபிறகு இங்கே நிலத்தையும் அப்படித்தான் வாங்கிப் போடுறாங்க. நெல் விளைஞ்ச இடத்துல மனைக்கல்லும் சீமைக்கருவேலமும். விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம்; இத்தனை வருஷ விளைச்சல் போனது போனதுதான்.

மரப்பாச்சியைக் கொலுவுல வைங்க. பேத்தி கேட்டா கையில குடுங்க.