பட்டப்பெயர் பகிடியல்ல

மலையகத்திலிருந்து வெங்காயத் தோட்டக் கூலிக்கு வந்து பண்டத்தரிப்பில் குடியிருக்கும் குடும்பமொன்றை அண்மையில் சந்தித்தோம். தரம் 8 படிக்கும் மகள் ஒரு கிழமையாகப் பாடசாலைக்குப் போகவில்லை. வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் அவளுடைய படத்தைப் போட்டு, ‘தோட்டக்காட்டான் பிள்ளை’ என்று எழுதிச் சிரித்திருக்கிறார்கள். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டோம். “சொன்னா போனைப் பறிச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன், டீச்சர்” என்றாள்.

சின்னப் பிள்ளைகளின் பகிடிதானே என்று விட்டுவிட முடியாது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டுதான் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பாடசாலைப் பிள்ளைகள் விடயத்திலும் ஓர் உயிர் போகும்வரை காத்திருப்பதா?

ஒரு தொழிலாளிக்கு அநீதி நடந்தால் எல்லோரும் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிறோம். பிள்ளைக்கும் அப்படியே துணை நிற்போம். போனைப் பறிக்காதீர்கள், அந்தப் பதிவைப் படமெடுத்து வையுங்கள். அதிபரிடம் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் இப்படியான சொற்களைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கக் கூடாது.

வீட்டிலும் சாதி சொல்லி, நிறம் சொல்லிப் பேசுவதை நிறுத்துவோம். பிள்ளைகள் அந்தச் சொற்களைப் பெரியவர்களிடமிருந்துதான் பழகுகிறார்கள்.