கிழவர்களின் ஏக்கமா?

பழைய ரேடியோ நாடகங்களை யாராவது புகழ்ந்து பேசினால் போதும். "அதெல்லாம் கிழவர்களின் ஏக்கம், ஸார்! போன இளமையை நினைத்து உருகுகிறார்கள், பாவம், உருகட்டும்!" என்று ஒரு புன்னகையோடு விஷயத்தை முடித்துவிடுகிற மேதாவிகள் பெருகிவிட்டார்கள். இந்த அநுதாபத்தைப் போன்ற அவமரியாதை வேறொன்றில்லை. ஒரு கலையைத் திட்டினால் பதில் சொல்லலாம். தலையைத் தடவிக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தால் என்ன செய்வது?

ரேடியோ நாடகம் செழித்து வளர்ந்த அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1930-களிலும் 1940-களிலும் அது உச்சத்தில் இருந்தது. பிறகு டெலிவிஷன் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1962 செப்டம்பர் 30-ஆம் தேதி சி.பி.எஸ். நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த இரண்டு நாடகத் தொடர்களையும் நிறுத்தியது. அத்துடன் ஒரு யுகம் முடிந்தது என்று சொல்வது வழக்கம். அந்த யுகத்தில் கேட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆனால் நாடகங்கள் இருக்கின்றன. 1962-க்குப் பிறகு பிறந்தவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். தான் பிறப்பதற்கு முன் நடந்ததை நினைத்து ஒருவன் எப்படி ஏங்குவான்? பூர்வஜன்ம வாசனை என்பார்களோ, என்னவோ!

"படம் காட்ட வசதியில்லாத காலத்தில் ரேடியோ ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தது, அவ்வளவுதான்" என்பது மேதாவிகளின் அடுத்த வாதம். இதையும் பார்த்துவிடுவோம்.

1943-ல் 'சஸ்பென்ஸ்' என்ற தொடரில், லூசில் ஃப்ளெட்சர் எழுதிய 'ஸாரி, ராங் நம்பர்' ஒலிபரப்பாயிற்று. படுத்த படுக்கையாய் ஒரு பெண், கையில் டெலிபோன். லயன் மாறிப்போய், இரண்டு பேர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. ஆக்னஸ் மூர்ஹெட் என்ற நடிகை தம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்பவர்களை ஆணி அடித்தாற்போல் உட்கார வைத்தார். 1948-ல் அதையே சினிமாவாக்கினார்கள். ஓர் அறைக்குள் அடங்கிய கதையை ஒன்றரை மணி நேரத்துக்கு நீட்ட, புருஷனுடைய பூர்வோத்தரமெல்லாம் தேவைப்பட்டது. மோசமான படமல்ல. ஆனால் அந்த அறை எப்படி இருக்கும் என்பதைக் காமிரா காட்டிவிடுகிறது. ரேடியோவிலோ, அது நாம் உட்கார்ந்திருக்கும் அறையாகவே ஆகிவிடுகிறது. இருட்டில் பயந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இன்னொன்று சொல்கிறேன். ஜாக் பென்னி என்ற ஹாஸ்ய நடிகர் ரேடியோவில் மகா கஞ்சனாக நடித்து வந்தார். 1948-ல் ஒரு நிகழ்ச்சியில், திருடன் ஒருவன் வழிமறித்து, பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி பேசவில்லை. மௌனம் நீள்கிறது. ரேடியோவில் மௌனம் என்றால் ஒன்றுமே இல்லை என்றுதானே பொருள்? அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பணத்தையும் உயிரையும் தராசில் வைத்து அந்தக் கஞ்சன் போட்ட கணக்கை ஒவ்வொருவரும் தாமே போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ரேடியோ நாடகம் பாதியைத்தான் தருகிறது. மறுபாதி கேட்பவன் பொறுப்பு. இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை ஓடும். ஸெலோபேன் காகிதத்தைக் கசக்கினால் வீடு பற்றி எரியும். ஆனால் குதிரை கறுப்பா, வெள்ளையா என்பதைத் தீர்மானிப்பவன் கேட்பவன். நாவல் படிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கதாநாயகியின் முகத்தை நீங்கள்தானே வரைந்துகொள்கிறீர்கள்? நாவல் என்பது சினிமா வராத காலத்து ஏற்பாடு என்று ஒருவர் சொன்னால் சும்மா விடுவீர்களா?

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் வாதாட வரவில்லை. சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டு நடத்திய பகல் நேரத் தொடர்களில் கண்ணீரும் நுரையும் சம அளவில் பொங்கின. அதைவிடக் கசப்பான சங்கதியும் உண்டு. 1937 முதல் எட்கர் பெர்கன் என்பவர், உதடு அசையாமல் பேசி மரப்பொம்மைக்குக் குரல் கொடுக்கும் வித்தையை ரேடியோவில் நடத்திப் பெரும் புகழ் பெற்றார். உதட்டையே பார்க்க முடியாத இடத்தில் இது என்ன வித்தை? ஜனங்களின் கற்பனை பொம்மைக்கு உயிர் கொடுத்தது, அதுதான் வித்தை. ஆனால் முகம் தெரியாத அதே வசதியை வைத்துக்கொண்டுதான், 1928 முதல் 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' தொடரில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பு இன மக்களைப் போலப் பேசி, அவர்களை அசடுகளாகக் காட்டி நாட்டைச் சிரிக்க வைத்தார்கள். 1931-ல் கறுப்பு இனத்தவரின் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகை அதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடத்தியது. இவ்வளவு நன்மையும் இவ்வளவு தீமையும் செய்ய வல்லது ஒப்புக்குச் சப்பாணியாக இருக்க முடியுமா? ஏங்குகிறவன் இந்த அசிங்கத்தை மறைப்பான். கலையென்று மதிக்கிறவன் இதையும் சேர்த்துப் பாதுகாத்து, கேட்டு, தீர்ப்புச் சொல்வான்.

பாதுகாப்பது என்றேனே, என் கோபத்துக்குக் காரணமே அதுதான். ஏக்கம் என்ற சொல் ஒரு துடைப்பம். 'கிழவர்களின் ஏக்கம்' என்று முத்திரை குத்தப்பட்ட பொருளைக் காப்பாற்ற யார் முன்வருவார்கள்? அக்காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாக நடந்து காற்றோடு போயின. பதிவானவையும் பதினாறு அங்குலத் தட்டுகளில், பக்கத்துக்குச் சுமார் கால் மணி நேரம் வீதம் அடங்கின. யுத்தத்தின்போது அலுமினியத்துக்குப் பஞ்சம் வந்ததால் கண்ணாடியில் தட்டுச் செய்தார்கள். கை தவறினால் ஒரு நாடகம் சுக்குநூறு! வேண்டாமென்று கழிக்கப்பட்டவையும் ஏராளம். இன்று நாம் கேட்பவற்றில் பல, பைத்தியக்காரர்கள் என்று பெயர் வாங்கிய ரஸிகர்கள் தேடிச் சேர்த்து வைத்தவை. மேதாவிகள் ஒரு தட்டைக்கூடக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

ஆகவே, அவர்களுடைய அநுதாபம் அவர்களிடமே இருக்கட்டும். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, 'ஸாரி, ராங் நம்பர்' நாடகத்தைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பக்கத்தில் டெலிபோன் மணி அடித்தால் தைரியமாகக் கையை நீட்டுகிறார்களா என்று பார்ப்போம். மற்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.