முதலில் கடிதம், பிறகே கட்டணம்



கடன் பெற்று வாங்கிய வீடு ஏலத்திற்கு வரப்போகிறது என்று அறிந்த குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். உறக்கம் போகிறது, உறவினரிடம் சொல்லவும் நா எழுவதில்லை. அவ்வேளையில் ஒருவர் வந்து, "வங்கியோடு பேசி உங்கள் தவணையைக் குறைத்துத் தருகிறோம், முதலில் எங்கள் கட்டணத்தைச் செலுத்துங்கள்" என்றால், அவரைத் தெய்வமே அனுப்பியதாக எண்ணத் தோன்றும் அன்றோ?

அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது இலட்சக்கணக்கான குடும்பங்கள் இந்நிலைக்கு உள்ளாயின. வட்டியைக் குறைத்தோ தவணைக் காலத்தை நீட்டியோ வீட்டுக்கடனை மாற்றி அமைப்பதை அங்கே கடன் சீரமைப்பு என்பர். அதை வாங்கித் தருவதாகக் கூறி, ஆயிரக்கணக்கான டாலர் முன்பணம் பெற்றபின், ஒன்றும் செய்யாது மறைந்தவர் பலர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் கொடுமை இது. அம்முன்பணம் கையில் இருந்திருந்தால், நிலுவையில் ஒரு பகுதியேனும் அடைந்திருக்குமே!

மாநில அரசுகள் வாளாவிருக்கவில்லை. இத்தொழிலைச் செய்வோர் அரசிடம் உரிமம் பெற வேண்டும் என 2009இல் நெவாடா சட்டம் இயற்றியது. வாக்களித்த பணி முழுவதையும் முடிக்கும் முன் கட்டணம் வாங்கலாகாது என அதே ஆண்டில் கலிபோர்னியா தடை விதித்தது; வழக்கறிஞர்களையும் அத்தடை விட்டுவைக்கவில்லை.

பின்னர் மத்திய அரசின் வணிக ஆணையம் நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. அதன் முன்பணத் தடை 2011 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்தவர் எழுத்தில் தரும் புதிய ஏற்பாட்டை இடையில் நிற்பவர் கொண்டுவர வேண்டும். கடனாளி அதை ஏற்ற பின்னரே கட்டணம் கேட்கலாம். ஏற்க மனமில்லையெனில் கடனாளி ஒரு காசும் தர வேண்டியதில்லை. "வங்கியோடு நீங்கள் பேசாதீர்கள்" என்று அவர் சொல்லலாகாது. "தவணை கட்டாதீர்கள்" என்று சொல்வாராயின், அதனால் வீடே பறிபோகலாம் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். தம் மாநிலத்தில் தொழில் புரியும் வழக்கறிஞருக்கு மட்டும் சில நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. அவரும் முன்பணத்தைத் தனி அறக்கணக்கில் வைக்க வேண்டும்.

அப்படியானால் உரிமத்தின் பயன் யாது? தவறு நேர்ந்தால் பொறுப்பாளர் யார், எவரிடம் முறையிடுவது என்பதை அது காட்டுகிறது. தவறு செய்தவரின் உரிமத்தை அரசு பறிக்கவும் இயலும். ஆயினும் உரிமத்தாள் ஒன்றே நேர்மைக்குச் சான்றாகிவிடாது. மேலும், ஒரு மாநிலம் தந்த உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று கொள்ளவும் முடியாது. எனவே, "உரிமம் உள்ளதா?" என்று கேட்பதோடு நில்லாமல், "பணம் எப்போது கேட்கிறீர்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடையே ஆளை அடையாளம் காட்டும்.

நம் குடும்பங்களிலிருந்து அங்கே சென்று வீடு வாங்கியுள்ள பிள்ளைகளுக்கு இதை எழுதுங்கள். வேலை போய்த் தவணை தவறினால், முதலில் கடன் கொடுத்த நிறுவனத்தோடு தாமே பேசலாம்; சீரமைப்புக்கு விண்ணப்பிக்க இடையாள் எவரும் தேவையில்லை. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் ஒப்புதல் பெற்ற ஆலோசகர்கள், வீட்டை இழக்கும் நிலையில் உள்ளோர்க்குக் கட்டணமின்றி வழிகாட்டுகின்றனர்.

ஏமாற்றுவோனுக்குத் துணை நிற்பது கடன் அன்று; கடனை மறைக்கச் செய்யும் வெட்கமே. பெற்றோரே, பிள்ளைகள் தம் கடன்சுமையை அஞ்சாமல் சொல்லத்தக்க இடமாக உங்கள் இல்லம் இருக்கட்டும். தவணை தவறிய முதல் மாதத்திலேயே அவர்கள் வாய் திறந்தால், வீட்டைக் காக்க வழி பிறக்கும்.