தூக்கிவிட ஆள் வேண்டாம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் 8 அன்று எங்கள் கல்லூரி அரங்கில் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் பேசினேன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் போனார்கள். பெண் விடுதலைக்கு இரண்டு சக்கரம் போதும் என்று சொல்லி முடித்தேன். நல்ல கைதட்டல்.

கூட்டம் கலைந்த பிறகு முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அருகில் வந்தார். "மேடம், எனக்கு நாலு சக்கரம் இருக்கு. அண்ணன் வராம கேட்டைத் தாண்ட முடியல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவரிடம் ஸ்கூட்டர் இருந்தது. பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரங்கள் பொருத்தி அரசு இலவசமாகக் கொடுக்கும் வண்டி. ஓட்டுநர் உரிமமும் இருந்தது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கைகளை ஊன்றி உடம்பை நகர்த்திக்கொள்ள முடிகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. பலருக்கு வேலையும் வருமானமும் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த வண்டியில் ஏற, முதலில் சக்கர நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். தண்டுவடம் பாதிக்கப்பட்ட இந்த மாணவியால் ஆக்சிலரேட்டரை முறுக்க முடியும், பிரேக் பிடிக்க முடியும், தன் உடம்பைத் தானே தூக்க முடியாது. எனவே அண்ணன் தூக்கி வைப்பார். பிறகு மடக்கிய நாற்காலியைத் தன் பைக்கில் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார். கல்லூரியில் மறுபடி தூக்கி இறக்குவார். அண்ணனுக்கு வேலை இருக்கும் நாளில் தங்கைக்கு வகுப்பு இல்லை. உரிமம் தங்கையின் பெயரில் இருக்கிறது, பயணம் அண்ணனின் கையில் இருக்கிறது.

ஒருநாள் அண்ணன் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டார். முதல் பாடவேளை முழுக்க அவர் வேப்பமரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் நாலு பேர் ஓடிவந்து உதவக் கேட்டார்கள். வேண்டாம் என்றிருக்கிறார். "ஏன் பிடிவாதம்?" என்று நானே கேட்டேன். "தூக்குறவங்க நல்லவங்கதான் மேடம். ஆனா தூக்கும்போது கை எங்க படுதுன்னு நான் கேக்க முடியாது" என்றார்.

சக்கர நாற்காலியிலிருந்தபடியே வண்டி ஓட்டுவது என்ற பொறியியல் பிரச்சினை எனக்குப் பெண்ணியப் பிரச்சினையாக மாறியது அந்த வாக்கியத்தில்தான். பேருந்தில் ஒரு கை உரசினால் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டோம். இந்தப் பெண் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு முறை, தான் தேர்ந்தெடுக்காத கைகளுக்குத் தன் உடம்பைக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும்.

சங்க இலக்கியம் நடத்தும்போது இற்செறிப்பு என்ற துறையை விளக்குவேன். வயதுக்கு வந்த மகளை வீட்டுக்குள் அடைத்துக் காவல் வைப்பது. வகுப்பில் யாராவது கேட்பார்கள், "இதெல்லாம் இப்ப இல்லையே மேடம்?" இருக்கிறது. ஒருபடி உயரமான வாசலும், தாழ்தளமில்லாத பேருந்தும், இறங்கினால்தான் ஏறமுடிகிற ஸ்கூட்டரும் அந்தக் காவல் வேலையைச் செய்கின்றன. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் அதைக் கொண்டாடுகிறேன். ஆனால் படியேற முடியாதவளுக்குச் சீட்டு இலவசமானால் என்ன, ஆயிரம் ரூபாயானால் என்ன?

நடக்க முடியாத கனவு ஒன்றைப் பற்றி நான் பேசவில்லை. வேனின் தளத்தைத் தாழ்த்தி, கதவருகே சாய்தளம் வைத்து, ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிவிடுகிறார்கள். நாற்காலி நேராக ஸ்டியரிங் முன்னால் போய் நிற்கும். அதன் அடியில் உள்ள முளை, தரையில் உள்ள பூட்டில் சொருகிக்கொள்ளும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே கைப்பிடியில், தள்ளினால் ஒன்று, இழுத்தால் இன்னொன்று. கையில் வலு குறைவானவர்களுக்கு ஜாய்ஸ்டிக் இருக்கிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய மோட்டபிலிட்டி திட்டத்தில், அரசு தரும் உதவித்தொகையைக் கொடுத்து இப்படிப்பட்ட வண்டியைக் குத்தகைக்கு எடுக்க முடிகிறது.

அதே பிரிட்டன் அதற்கு முன் செய்ததையும் சொல்ல வேண்டும். இன்வாகார் என்ற மூன்று சக்கர நீலநிற வண்டியை அரசு பல பத்தாண்டுகள் கொடுத்துவந்தது. அதில் ஒரே ஒரு இருக்கை. இன்னொருவரை ஏற்றக் கூடாது. ஊனமுற்ற பெண்ணுக்குக் குழந்தை இருக்கும், அதைப் பள்ளியில் விட வேண்டியிருக்கும் என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. 2003இல்தான் அரசு கொடுத்த அந்த வண்டிகள் சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

நம் சட்டத்தைப் பார்ப்போம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டிகளை 'இன்வேலிட் கேரேஜ்' என்று அழைத்தது. 2019 திருத்தம் அந்தப் பெயரை நீக்கி 'தகவமைத்த வாகனம்' என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தது. சொந்த வண்டியை மாற்றியமைத்துக்கொள்ளவும் வழிவிட்டது. நல்லது. ஆனால் அந்த நபரால் அல்லது அந்த நபருக்காக மட்டுமே பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை பழைய விளக்கத்திலிருந்து புதியதற்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்வாகாரின் ஒற்றை இருக்கை நம் சட்டத்தில் ஒரு 'மட்டும்' ஆக இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவோ, கட்டுப்படியாகும் செலவில் வாகனங்களை மாற்றியமைத்துத் தரத் திட்டங்கள் தீட்டும்படி அரசிடம் சொல்கிறது. உரிமை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பட்டறை எங்கே?

என் மாணவி ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தார். வெல்டிங் வேலை செய்யும் ஒருவர், பின்பக்கம் பலகை இறங்கி நாற்காலியோடு ஏறிக்கொள்ளும்படி ஒரு வண்டியை வடிவமைத்துத் தருவதாகச் சொன்னார். பதிவு செய்ய முடியுமா என்று கேட்க அலுவலகத்துக்குப் போனோம். நானும் கூடப் போனேன். "மாடலுக்கு அப்ரூவல் இல்லைம்மா" என்றார்கள். அது சட்டம் பற்றிய பதில், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்வி அப்படியல்ல. "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா? ஏன் இந்தப் பொண்ணு ஓட்டணும்?" கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவர் என் பக்கத்திலேயே இருந்தார்.

பாதுகாப்பு என்பார்கள். சரியான கவலை. நாற்காலியே வண்டியின் இருக்கையாகும்போது மோதலில் அது தாங்க வேண்டும். சீட் பெல்ட்டும் மோதலைத் தாங்கும்படி பொருத்தப்பட வேண்டும். அதற்குத்தான் ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. தரத்தை வைத்துச் சோதித்து அனுமதி கொடுங்கள். சோதிக்காமலே மறுப்பது பாதுகாப்பு ஆகாது. தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேர் போகும் பைக்குகள் நிறைந்த சாலையில், நாற்காலியோடு வரும் ஒருத்திக்கு மட்டும் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

செலவு என்பார்கள். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். நாங்கள் அந்தப் பொருளில் கேட்கிறோம், நீங்கள் இந்தப் பொருளில் மறுக்கிறீர்கள். உண்மையான கணக்கைப் போடுங்கள். தினமும் தங்கையைத் தூக்கப் போகும் அண்ணனின் அரைநாள் கூலி, தூக்கித் தூக்கி இடுப்பு போன அம்மாவின் மருத்துவச் செலவு, படிப்பை நிறுத்தியவள் சம்பாதிக்காமல் போன சம்பளம். இவை எந்தப் பட்ஜெட்டிலும் வராததால் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெண்களின் வீட்டு வேலையையும் இப்படித்தான் இலவசம் என்று எழுதிவைத்தார்கள்.

இங்கே செய்ய முடியாது என்பதும் பொய். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மையத்திலிருந்து நியோபோல்ட் வந்திருக்கிறது. சக்கர நாற்காலியின் முன்பக்கம் பொருத்திக்கொண்டால் நாற்காலியே மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும் மின்வண்டி. இறங்க வேண்டாம், ஏற வேண்டாம். மழைக்கும் நெடுஞ்சாலைக்கும் அது போதாது. தொடங்குவதற்குப் போதும்.

அரசிடம் நான் கேட்பது இவைதான். இலவச ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கிறவரிடம், இறங்கி ஓட்டுவீர்களா, நாற்காலியிலிருந்தே ஓட்டுவீர்களா என்று கேளுங்கள். இரண்டு வகையையும் கொடுங்கள். சோதித்து ஒப்புதல் பெற்ற வடிவங்களை ஐ.டி.ஐ.களுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் கொடுங்கள். அந்த 'மட்டும்' என்ற சொல்லை நீக்குங்கள்.

தோழிகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. இரவில் நடமாடும் உரிமை கேட்டு ஊர்வலம் போனோம். எத்தனை ஊர்வலங்களின் அறிவிப்பில் 'நடப்போம்' என்று எழுதினோம்? அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. புதுக்கோட்டைச் சைக்கிளைச் சொல்லும்போது, பெடல் மிதிக்க முடியாத பெண்கள் அந்த ஊரிலும் இருந்திருப்பார்களே என்று இருபது ஆண்டுகளாக ஒரு முறைகூட நினைக்கவில்லை.

அந்த மாணவி இரண்டாம் ஆண்டில் தொலைநிலைக் கல்விக்கு மாறினார். அண்ணனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல செய்திதான், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை என் கையால்தான் அடித்தேன். அவரைக் கல்லூரியை விட்டு யாரும் அனுப்பவில்லை. தூக்கிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.