முதலில் குழாயை மாற்றுங்கள், பிறகு ரோடு போடுங்கள்

இன்னும் எத்தனை தடவை ஐயா ரோடு போடுவீர்கள்? என் மகள் குடியிருக்கும் தெருவில் ஜல்லியும் தாரும் கொட்டிக் கொட்டி, வீட்டு வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. அந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிற குடிநீர்க் குழாயை மட்டும் ஒருவரும் தொடவில்லை. எந்த வருஷம் புதைத்தது என்று கேட்டால் ஆபீசில் பதில் இல்லை. "ரொம்பப் பழசும்மா" என்கிறார் தண்ணீர் திறந்துவிடுகிறவர். பழசு என்று தெரிகிறதல்லவா? தெரிந்தும் அதிலேதானே எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடுகிறீர்கள்!

நான் திருப்புட்குழிக்காரி. எங்கள் ஊர் மரகதவல்லித் தாயாரை வேண்டிக்கொண்டு, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிப் படுத்தால், பிள்ளை பாக்கியம் உள்ளவளுக்கு விடிவதற்குள் அது முளைவிடும் என்பது நம்பிக்கை. என் மகளும் கட்டிக்கொண்டாள். அப்படித் தவமிருந்து பெற்ற பிள்ளை, அவள் வாக்கப்பட்டுப் போன நகரத்தில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தான். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். கையில் நரம்பு அகப்படாமல் காலில் குத்திச் சலைன் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடுக்கறீங்க?"

அந்தத் தண்ணீர் வருகிற வழியை நானே குனிந்து பார்த்தேன். மெயின் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இரும்புக் குழாய், சாக்கடைக்குள்ளேயே குறுக்கே போகிறது. துரு தின்ற இடத்தில் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வரும்போது அங்கிருந்து பீய்ச்சி அடிக்கிறது. நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே போகிறது. போதாததற்கு வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உறிஞ்சாவிட்டால் குடம் நிறையாது. மறுநாள் திறந்துவிட்டதும் முதலில் வருகிற கருப்புத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, அடுத்ததை அண்டாவில் பிடிக்கிறோம்.

புகார் கொடுக்கப் போனால், "டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு, காய்ச்சிக் குடிங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். டேங்கில் போட்டால் ஆயிற்றா? வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சாக்கடை கலந்த தண்ணீரில் அது எங்கே மிஞ்சும்? காய்ச்சச் சொல்கிறீர்களே, சிலிண்டருக்குக் காசு யார் தருவது? கேன் வாங்கினாலும் பல் விளக்குவதும் பாத்திரம் கழுவுவதும் கீரை அலசுவதும் இதே தண்ணீரில்தான். குடிநீர் வரியும் கட்டி, கேனுக்கும் கட்டி, ஆஸ்பத்திரிக்கும் கட்டுகிறோம். உங்கள் குழாயின் ஓட்டைக்கு எங்கள் அடுப்படியா பொறுப்பு?

2024 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் என்ன நடந்தது? முப்பது பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உயிர்களும் போயின. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று அங்குள்ள ஜனங்கள் கதறினார்கள். தண்ணீர்தான் காரணம் என்பதை அப்போது அரசுத் தரப்பு ஏற்கவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டும் நாங்களே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. குழாயை ஒரு கேள்வி கேட்பாரில்லை.

அமெரிக்காவில் ஃப்ளின்ட் என்ற நகரத்தில் 2014ல் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றியதும், பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குழந்தைகள் ரத்தத்தில் ஏறியது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அங்கேயும் முதலில் சாதித்தார்கள். தாய்மார்கள் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் வீடு வீடாகத் தோண்டி ஈயக் குழாய்களை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டியதாயிற்று. அவர்கள் பெற்றது பிள்ளை, நாங்கள் பெற்றது என்ன?

பேரன் பிழைத்துக்கொண்டான். அதனால் எங்கள் புகார் முடிந்துவிட்டதாக எழுதி மூடிவிடாதீர்கள். எந்தத் தெருவில் எந்த வருஷத்துக் குழாய் கிடக்கிறது என்று ஊரறியப் போர்டு வையுங்கள். தெருக்கோடி வீட்டில் பிடித்த தண்ணீரைச் சோதித்து, முடிவை அதே போர்டில் ஒட்டுங்கள். சாக்கடைக்குள் போகிற இணைப்புகளை வெளியே எடுத்துப் போடுங்கள். அதுவரை ஜல்லி லாரி எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. வந்தால், நாங்கள் பெண்கள் குறுக்கே உட்காருவோம்.